8 எம்.எம். நட்டு நாலு சுற்று ஏறியதாலேயே அது 8 எம்.எம். மரை ஆகிவிடாது

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்தில் தாத்தா ஓட்டிய பழைய புல்லட்டைப் பிரித்துச் சரி செய்துகொண்டிருக்கிறீர்கள். முன் ஃபோர்க்கின் அடியில், ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கிற மூடிகளின் ஸ்டட்டுகளில் (தலையில்லாத, இரண்டு முனையிலும் மரை வெட்டிய ஆணிகள்) இரண்டுக்கு நட்டு இல்லை. சாதாரண 8 எம்.எம். நட்டு ஒரு சுற்றுகூட ஏறவில்லை. கடையில் தேடி வாங்கிய 8 எம்.எம். ஃபைன் த்ரெட் (நெருக்க மரை) நட்டு நாலு சுற்று ஏறி அப்படியே இறுகிவிட்டது. ஸ்டட்டின் வெளி விட்டம் 7.85 எம்.எம்., அரை இன்ச்சில் 14 மேடு எண்ணினேன், ஆகவே இன்ச்சுக்கு 28 என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபோர்க்கின் மேல் மூடியிலும் மரை தேய்ந்திருக்கிறது. மெக்கானிக், “ஸ்டட்டில் 8 எம்.எம். டையை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது” என்கிறார். டை என்பது ஆணியின் மேல் மரை வெட்டும் கருவி. “இது என்ன மரை?” என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது டை ஓட்டலாமா, கூடாதா என்பதைத்தான்.

கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரையின் பெயரில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நிற்கிறவன். பழைய வண்டிகளின் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் என் பட்டறைக்கு நிறைய வரும். வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் மாதிரிதான், கையில் ஒரு நட்டை வைத்துக்கொண்டு “ஏறுது அண்ணாச்சி, ஆனா இறுகுது” என்பார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் விக்கிரமசிங்கபுரம் மில் வொர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். யாராவது ஏறுகிறது என்று சொன்னால் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, “எத்தன சுத்துல?” என்பதுதான். ஒரு நட்டில் ஆறு ஏழு மரை இருக்கும். அதில் மூன்று நாலு ஏறுவதற்குப் பக்கத்துச் சொந்தமாக இருந்தாலே போதும். கடைசி வரை கையாலேயே ஓடினால்தான் அது அதே மரை.

உங்கள் எண்ணிக்கையில் ஒரு பிசகு இருக்கிறது. மேடுகளை எண்ணக்கூடாது, இடைவெளிகளை எண்ண வேண்டும். வேலிக்கு 14 கல் நட்டால் நடுவில் 13 இடைவெளிதானே. அரை இன்ச்சில் 14 மேடு என்றால் 13 இடைவெளி, ஆக இன்ச்சுக்கு 26. இந்த ஒன்று மாறியதும் கதையே மாறுகிறது. 7.85 என்பது தேய்ந்த அளவு. ஓடிய ஸ்டட்டின் வெளி விட்டம் பெயரளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 5/16 இன்ச் என்பது 7.94 எம்.எம். அந்தத் தடிமனில் நம் ஊரில் புழங்கும் மரைகளைப் பாருங்கள்: விட்வொர்த் என்றால் இன்ச்சுக்கு 18, பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நெருக்க மரை) என்றால் 22, அமெரிக்க யு.என்.சி. (அகல மரை) 18, யு.என்.எஃப். (நெருக்க மரை) 24, சைக்கிள் மரை 26. இந்தப் பட்டியலில் 28 கிடையாது. 26 இருக்கிறது. ஆகவே உங்கள் ஸ்டட் 5/16 சைக்கிள் மரையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

சைக்கிள் மரை என்றதும் மிதிவண்டியை நினைக்காதீர்கள், அல்லது நினைத்தாலும் தப்பில்லை, பிறந்தது அங்கேதான். விட்வொர்த் 1841-ல் தன் மரையை முன்வைத்தார், 55 டிகிரி கோணம், மேடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். மில், ரயில், பம்பு செட்டு எல்லாம் அதில்தான் ஓடின. ஆனால் அது அகல மரை, மெல்லிய குழாய்க்கும் அதிர்வுக்கும் ஒத்துவராது. சைக்கிள் செய்கிற பிரிட்டிஷ் இன்ஜினியர்கள் 1902-ல் தங்களுக்கென்று 60 டிகிரியில் ஆழம் குறைந்த நெருக்கமான மரையை வகுத்துக்கொண்டார்கள். சின்ன அளவுகளில் பெரும்பாலும் எல்லாத் தடிமனுக்கும் ஒரே 26தான். மோட்டார் சைக்கிள் சைக்கிளில் இருந்து வந்ததால் மரையும் கூடவே வந்துவிட்டது. பி.எஸ்.எஃப். 1908-ல் வந்தது, விட்வொர்த்தின் அதே 55 டிகிரி, ஆனால் நெருக்கம். 1949 வாக்கில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து யு.என்.சி., யு.என்.எஃப். என்று பொது மரை கொண்டுவந்தன. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது வண்டியின் வரைபடம் இங்கிலாந்தில் இருந்து வந்தது, இன்ச் கணக்கில். பிறகு மெட்ரிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. அதனால் ஒரே புல்லட்டில் இரண்டு மூன்று குடும்பத்து மரை இருப்பது அதிசயமே இல்லை. இடையில் ஐம்பது வருஷத்தில் எத்தனை மெக்கானிக் கை பட்டதோ, அது தனிக் கணக்கு.

இதே கண்ணோடு ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத்தைப் பார்க்காதீர்கள். ஜாவா செக் நாட்டு வண்டி, ராஜ்தூத் போலந்து எஸ்.எச்.எல். வழி வந்தது, இரண்டும் மெட்ரிக். “பழைய வண்டின்னா இன்ச் மரைதான்” என்று ஒருவர் ஜாவா ஃபோர்க் மூடியில் அரை நாள் மல்லுக்கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, 8 எம்.எம். ஃபைன் நட்டு ஏன் நாலு சுற்று ஏறியது? அந்த நட்டின் பிட்ச், அதாவது மேட்டுக்கு மேடு தூரம், 1 எம்.எம். உங்கள் ஸ்டட்டில் 25.4-ஐ 26-ஆல் வகுத்தால் 0.977 எம்.எம். ஒரு மரைக்கு வித்தியாசம் 0.023 எம்.எம்., தலைமுடி கனம்கூட இல்லை. ஆனால் அது கூடிக்கொண்டே போகும். நாலாவது மரையில் கிட்டத்தட்ட 0.1 ஆகிவிட்டது. தேய்ந்த ஸ்டட்டில் இருக்கிற ஆட்டம் அதுவரை தாங்கும், அப்புறம் பக்கச் சுவர் பக்கச் சுவரோடு முட்டும். அந்த முட்டலைத்தான் நீங்கள் இறுக்கம் என்கிறீர்கள். ஸ்பானர் போட்டு இன்னும் திருப்பினால் நட்டு போகும், போகாமல் என்ன. ஆனால் ஆறு மரையும் பாரத்தைப் பகிராது. இரண்டு கோடியில் இருக்கிற மரை மட்டும் நசுங்கிக்கொண்டு தாங்கும். கையில் ‘நல்ல டைட்டு’ என்று தெரியும், உள்ளே பிடிப்பு பாதிகூட இருக்காது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பட்டறை போட்ட புதிதில், ஒரு பின் ஷாக் அப்சார்பரின் மேல் பிடிப்பு ஸ்டட்டுக்கு நட்டு வெட்டிக்கொடுத்தேன். அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை, பிட்ச் 1.27. லேத்தில் அன்று 1.25-க்குப் பல் சக்கரம் மாட்டியிருந்தது. 0.02 தானே என்று அப்படியே வெட்டினேன். ஐந்து ஆறு சுற்று கையால் ஏறியது, மீதி ஸ்பானரில். சாரல் நேரம், வண்டிக்காரர் குடும்பத்தோடு குற்றாலம் போனார். கடையம் தாண்டியதும் நட்டு கழன்று பின்பக்கம் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. வண்டி மினி லாரியில் திரும்பி வந்தது. நட்டை அவர் எப்படியோ ரோட்டில் தேடி எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் இரண்டு மரை பளபளவென்று வழிந்திருந்தது, நடு மரைகளில் கருப்பு எண்ணெய் அப்படியே, ஒன்றும் தொட்டதாகவே தெரியவில்லை. அந்த நட்டு இன்னும் என் டிராயரில் கிடக்கிறது.

அதனால் பெயர் சொல்லுமுன் நான் மூன்று அளவு எடுப்பேன். வெளி விட்டம் முதலில். இது வெர்னியரில் சுலபம், ஆனால் ஆணியின் மேல் பாதியில் மட்டும் எடுக்காதீர்கள், நட்டு உட்காராத பகுதி எங்காவது இருந்தால் அதுதான் உண்மை சொல்லும். இரண்டாவது பிட்ச், பத்து மரை நீளத்துக்கு. ஒரு மேட்டின் உச்சியில் இருந்து பதினோராவது மேட்டின் உச்சி வரை அளந்தால் 26 மரைக்கு 9.77 எம்.எம். வரும், 1 எம்.எம். பிட்ச்சுக்கு 10.0, 24 மரைக்கு 10.58, 22 மரைக்கு 11.55. பக்கத்துப் பக்கத்து மரையில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பத்து மரையில் நன்றாகத் தெரியும். வெர்னியர் முனை வழுக்கினால் பழைய வழி இருக்கிறது: வெள்ளைத் தாளின் மேல் கார்பன் தாளை வைத்து, அதன் மேல் ஸ்டட்டை அழுத்தி உருட்டுங்கள், மரை கோடு கோடாக விழும். அதை நிதானமாக ஸ்கேலில் அளக்கலாம். இழுபட்ட ஸ்டட்டில் நடுப் பகுதியில் பிட்ச் கூடியிருக்கும், ஆகவே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த ஸ்டட்டையே தூக்கிப் போட வேண்டும், மரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது கோணம். இங்கேதான் நான் வைத்துக்கொண்ட சந்தேகம். துருப்பிடித்து ஓடிய மரையில் 55-ஆ 60-ஆ என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். உங்கள் 5/16-க்கு இந்தக் குழப்பம் பெரிதில்லை, 26 என்ற எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதே வண்டியில் 1/4 இன்ச் ஆணி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். 1/4 பி.எஸ்.எஃப்.பும் 26, 1/4 சைக்கிளும் 26. வித்தியாசம் கோணத்திலும் ஆழத்திலும் மட்டும்தான். பிட்ச் கேஜ் (மரையில் வைத்துப் பார்க்கும் பல் தகடுகள்) வாங்கும்போது தகட்டில் 55 போட்டதும் 60 போட்டதும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேஜ் பல்லை மரையில் வைத்துப் பின்னால் ஒரு டார்ச்சைக் காட்டினால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தெரியும். தேவையான டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) ஏதாவது கையில் இருந்தால் அதுவே கேஜ்: டேப்பையும் ஸ்டட்டையும் முதுகோடு முதுகு கோர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும், முழு நீளமும் இருட்டாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே பிட்ச்.

ஸ்பானரை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சாட்சியாக இல்லை. 5/16 சைக்கிள் மரை நட்டின் தலை 0.525 இன்ச், அதாவது 13.3 எம்.எம். 13 ஸ்பானர் ஏறாது, 14 வழுக்கும். பழைய செட்டில் 1/4 விட்வொர்த் என்று போட்ட ஸ்பானர் சிக்கென்று உட்காரும். மீதி இருக்கிற நட்டுகளில் போட்டுப் பாருங்கள். 13 ஒழுங்காக ஏறினால் யாரோ மெட்ரிக் நட்டு போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்கும்போதும் ஒரு விஷயம். நம் ஊரில் ‘ரெண்டரை நூல் போல்ட்டு’ என்றால் 5/16 கொடுப்பார்கள். ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. அது தடிமன் மட்டும்தான், மரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரெண்டரை நூல் என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் 18 மரை விட்வொர்த்தாக இருக்கும். “5/16, இன்ச்சுக்கு 26, சைக்கிள் த்ரெட்” என்று முழுசாகச் சொல்லுங்கள். பழைய புல்லட் சாமான் விற்கிறவர்களுக்குப் புரியும்.

இனி செய்ய வேண்டியது. டையை ஏன் ஓட்டக்கூடாது என்றால், 8 எம்.எம். டை அந்த மரையைத் திருத்தாது, அதன் மேல் இன்னொரு மரையைக் குறுக்கே கிழிக்கும். நாலு சுற்றுக்குப் பிறகு இரண்டு மரையும் ஒன்றையொன்று வெட்டி, மேடு என்று ஒன்றும் மிஞ்சாது. முன்சக்கரம் அந்த நட்டுகளில் தொங்குகிறது. ஒன்று, 5/16-26 டை கிடைத்தால் அதை எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டுங்கள், துருவும் அழுக்கும்தான் வர வேண்டும், இரும்புச் சுருள் வந்தால் நிறுத்திவிடுங்கள். இரண்டு, நட்டு கிடைக்காவிட்டால் அறுகோணக் கம்பியில் செய்துகொள்ளலாம், 5/16-26 டேப் ஒன்று போதும், நாலு நட்டும் ஒரு மணி நேர வேலை. ஸ்டட்டே போயிருந்தால் புதிதாக வெட்ட வேண்டும். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் வேண்டாம், குறைந்தது இ.என்.8 என்கிற கெட்டியான எஃகு. கழற்றிய ஸ்டட்டின் இரண்டு முனையையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள், பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் உள்ளே பதிகிற முனைக்கு ஒரு மரை, நட்டு முனைக்கு வேறு மரை என்று அடிக்கடி வரும்.

உங்கள் லேத்துக்காரர் “26 வராது” என்றால், அவர் லேத்தின் லீட் ஸ்க்ரூ (வெட்டும் உளியை நகர்த்துகிற நீளத் திருகு) இன்ச்சுக்கு 4 மரை என்றால் வரும் என்று சொல்லுங்கள். 20-ம் 25-ம் ஓட்டும் சக்கரம், 65-ம் 50-ம் ஓடும் சக்கரம், சரியாக 26 விழும். 65 பல் சக்கரம் வழக்கமான செட்டில் இருக்கும், ஆனால் தேடினால்தான் கிடைக்கும், யாரும் தொடாத மூலையில் கிடக்கும். அதே லேத்தில் மெட்ரிக் மரை சுத்தமாக வர வேண்டுமென்றால் 127 பல் சக்கரம் வேண்டும், அது பல பட்டறையில் கிடையாது. சும்மா கிட்டத்தட்ட ஒரு கோர்ப்பில் மெட்ரிக் வெட்டிக்கொடுப்பார்கள். கடையம் தாண்டிக் கழன்ற என் நட்டு அதற்கு அண்ணன் தம்பிதான். மரை வெட்டியபின் முலாம் பூசுவதாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். 60 டிகிரி மரையில் முலாம் கனத்தைப் போல நாலு மடங்கு மரையின் நடு விட்டம் கூடும். 10 மைக்ரான் பூசினால் 0.04 எம்.எம்., கையால் ஏறிய நட்டு முலாமுக்குப் பிறகு ஏறாது.

ஃபோர்க்கின் மேல் மூடிக்கு வேறு புத்தி வேண்டும். அங்கே குழாய்தான் விலை உயர்ந்த பக்கம், மூடி மலிவான பக்கம். குழாய்ச் சுவர் மெல்லியது, அதில் பெரிய அளவு டேப் போட்டால் மிஞ்சுகிற இரும்பு அப்பளமாகிவிடும். ஆகவே குழாயைத் தொடாதீர்கள், குழாய்க்குப் பொருந்துகிற மாதிரி மூடியை வெட்டச் சொல்லுங்கள். மூடியின் மரை தேய்ந்திருந்தாலும் காலருக்கு அடியில் ஒன்றிரண்டு மரை பழுதில்லாமல் இருக்கும், பிட்ச் அங்கே கிடைக்கும். குழாயின் உள் மரையை அளக்க ஒரு வழி: மரையில் கிரீஸைத் தடவி, எம்-சீலைப் பிசைந்து குழாய்ச் சுற்றில் கால் பாகத்துக்கு மட்டும் அழுத்தி, காய்ந்ததும் உள்ளுக்குத் தள்ளி எடுங்கள். முழுச் சுற்றுக்கும் அழுத்தினால் வெளியே வராது, அப்புறம் அதைச் சுரண்ட ஒரு நாள் போகும். வந்த அச்சில் பிட்ச், கோணம் இரண்டையும் பார்க்கலாம். நான் நேராக இரும்பில் வெட்ட மாட்டேன். வீணான அலுமினியத் துண்டில் முதலில் ஒன்று வெட்டி, குழாயில் கையால் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த லேத் செட்டிங்கைக் கலைக்காமல் இரும்பில் வெட்டுவேன். குழாய் மரை கொஞ்சம் தேய்ந்திருந்தால் மூடியை அந்த அளவுக்கு ஒரு பொட்டு பெரிதாக விடலாம். மேடுகள் கத்தி முனையாகக் கூர்ந்துவிட்டிருந்தால் அது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது, குழாயை மாற்றுவதுதான் வழி. மூடியைக் கழற்றும்போது உள்ளே ஸ்ப்ரிங் அழுத்தத்தில் இருக்கலாம், முகத்தை நேர் மேலே வைத்துக்கொண்டு கடைசி மரையைத் திருப்பாதீர்கள்.

நாளைக்குப் பத்து மரையை அளந்து பாருங்கள். 9.77 பக்கம் வந்தால் மேலே சொன்னபடி போகலாம். 10.0 வந்தால், முன்பே யாரோ மெட்ரிக் ஸ்டட் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், நட்டு இறுகியதற்குக் காரணம் நசுங்கிய மரையாக இருக்கும். அப்படியானால் அந்த ஸ்டட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற மறு முனையையும் ஃபோர்க்கின் ஓட்டையையும் அளந்து, இந்தப் பத்து மரை அளவோடு சேர்த்து மூன்று எண்ணும் எழுதுங்கள். ஓட்டையையும் அந்த ஸ்டட்டைப் போட்டவர் 8 எம்.எம். ஆக்கிவிட்டாரா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.